அளவு டப்பா

“உங்க வீட்டுல காலி டப்பா எத்தனை இருக்கு, தமிழ்நிலா?”

ஷீலா மிஸ் இப்படிக் கேட்டதும் ஏழாம் வகுப்பு மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தமிழ்நிலா எழுந்து நின்றாள். எழுந்து நிற்பதோடு அவள் பங்கு முடிந்துவிடும்; வாயால் சொல்ல வேண்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஆஃப்ரீன் சொல்லிவிடுவாள். அதுதான் வழக்கம். அன்றைக்குப் பார்த்து ஆஃப்ரீன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள்.

தமிழ்நிலா மனசுக்குள்ளேயே வீட்டுக்குப் போய் அடுப்பு மேடையை ஒரு சுற்றுப் பார்த்தாள். ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு. நெய் ஜாடியில் புளி. ஐஸ்கிரீம் டப்பாவில் பூண்டு. கோடம்பாக்கத்தில் லைட் யூனிட்டில் வேலை பார்க்கும் அப்பா ஏதோ ஒரு செட்டிலிருந்து தூக்கிவந்த பெயிண்ட் பக்கெட்டில் அரிசி. பிஸ்கட் டின்னுக்குள் ரேஷன் கார்டும் அப்பாவின் யூனியன் கார்டும். மூடி உடைந்துபோன டப்பாவில்கூட அம்மா கொத்தமல்லி விதைத்து வைத்திருந்தாள். காலி என்று ஒன்றுமே அகப்படவில்லை.

“இல்ல மிஸ்,” என்றாள், பெஞ்சுக்கு மட்டும் கேட்கிற குரலில்.

“அவங்க வூட்ல எல்லாமே ஃபுல்லு மிஸ்,” என்றான் செந்தில்குமார் பின்வரிசையிலிருந்து. “பெரிய பணக்காரங்க.”

வகுப்பு சிரித்தது. ஆனால் மிஸ் அடுத்தவரைக் கேட்க, அங்கேயும் இல்லை. அதற்கடுத்த பெஞ்சிலும் இல்லை. செந்தில்குமார் வீட்டில் எண்ணெய் கேன் ஒன்று இருந்தது என்றால் அதில்தான் மோட்டார் போடாத நாளுக்கு வேண்டிய தண்ணீர் இருந்தது. மிஸ் அடையாறிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். அவர் வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் ஹோட்டல் பார்சல் டப்பாக்கள் மலைபோலச் சேர்ந்துகிடக்குமாம். அந்த நினைப்பில் கேட்டுவிட்டார். மயிலாப்பூருக்குப் பின்பக்கம், கால்வாய்க்கும் பறக்கும் ரயில் பாலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கிற அந்தத் தெருக்களில் ஒரு டப்பா காலியாவதே அடுத்த சாமானைப் போட்டு வைக்கத்தான் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

உறைத்தாலும் ஷீலா மிஸ் சோர்ந்துபோகிற ரகம் இல்லை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாதவர். பேசும்போதே கையைத் தட்டிக்கொண்டு பேசுவார். கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம் மறுபயன்பாடு, இன்னொரு பக்கம் மறுசுழற்சி. வீட்டு டப்பாவை அப்படியே திரும்பத் திரும்ப உபயோகிப்பது நல்லதா, அரைத்து உருக்கிப் புதுசாக ஒன்று செய்வது நல்லதா? வகுப்பு இரண்டாகப் பிரிந்து செய்து பார்க்கட்டும் என்றார். இரண்டு பெயரும் வாயில் நுழைய நேரமாகும் என்று பிள்ளைகள் தாங்களே வேறு பெயர் வைத்துக்கொண்டார்கள். ஒன்று ‘வச்சுக்கோ’ டீம். மற்றது ‘அரைச்சுடு’ டீம். ஜெயித்தால் என்ன பரிசு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. இரண்டு டீம் என்று சொன்ன பிறகு பரிசு எதற்கு?

வச்சுக்கோ டீமுக்கு செந்தில்குமார் தலைவன். அரைச்சுடு டீமுக்கு ஆஃப்ரீன். அவளுடைய அத்தா அமீன் பாய் காயலாங்கடை வைத்திருப்பவர் என்பதால் அந்தப் பதவிக்குப் போட்டியே இல்லை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் தமிழ்நிலா ஆஃப்ரீன் பக்கம் வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆளுக்கு ஒரு டப்பாவாவது கொண்டுவர வேண்டும். அன்றைக்கு எண்ணிக்கை மட்டும்தான். திங்கட்கிழமை ஸ்ரீரங்கன் என்று ஒருவர் மெஷினோடு வருவார், அப்போதுதான் அரைப்பது. அதற்குள் யாருக்காவது மனசு மாறினால் டப்பாவைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். இதை மிஸ் இரண்டு தடவை சொன்னார்.

“நீ மட்டும் கையை வீசிக்கினு வந்தே, நான் உன் பிரெண்டே கிடையாது,” என்று ஆஃப்ரீன் ரகசியமாகச் சொன்னாள். அவளுடைய ரகசியம் வராண்டா வரைக்கும் கேட்கும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் தமிழ்நிலா சமையலறையில் நின்று ஒவ்வொரு டப்பாவாகக் குலுக்கிப் பார்த்தாள். எல்லாம் சத்தம் போட்டன. ஜன்னல் கட்டையில் மட்டும் ஒன்று கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. வீட்டிலேயே அந்த நேரத்தில் காலியாக இருக்கும் ஒரே டப்பா அதுதான். அம்மாவின் அளவு டப்பா.

அவள் அம்மா பாஞ்சாலி இட்லி மாவு அரைத்து விற்கிறவள். காலையெல்லாம் கிரைண்டர் ஓடும். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிவிட்டு வரும் நேரத்தில் வாசலில் அண்டாவோடு உட்காருவாள். அளப்பதற்கு இந்த நீல நிற டப்பா. ஒரு காலத்தில் அது ஊறுகாய் டப்பாவாக இருந்ததாம். கை உள்ளே போகவில்லை என்று அப்பா கத்தியை அடுப்பில் காய்ச்சி அதன் கழுத்தை ஒரே வெட்டாக அறுத்துவிட்டார். அதனால் அது லிட்டரும் இல்லை, கிலோவும் இல்லை, அரைப்படியும் இல்லை. அது ‘ஒரு டப்பா’. ஒரு டப்பா ஊத்து, ரெண்டு டப்பா ஊத்து என்றுதான் தெருவே கேட்கும். நம்பி வாங்கும். தெருமுனைக் கடையில் கிராம் கணக்குப் போட்ட பாக்கெட் மாவு வந்து தொங்க ஆரம்பித்த பிறகும் ஜனம் அம்மாவிடமே வந்ததற்கு மாவின் புளிப்பு பாதிக் காரணம் என்றால், அந்த டப்பா மீதிக் காரணம்.

நம்பாத ஒரே ஆள் சுப்பம்மா. இஸ்திரி வண்டி தணிகாசலத்தின் மனைவி. நாள் தவறாமல் இரண்டு டப்பா மாவு வாங்குவாள், நாள் தவறாமல் தன் தூக்குச்சட்டியைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்ப்பாள். “இன்னா பாஞ்சாலி, இன்னிக்கு டப்பா எளைச்சுப் போச்சா?” என்பாள். அம்மா பதிலே பேசாமல் டப்பாவை நீட்டுவாள், நீயே மொண்டு பார் என்பதுபோல. சுப்பம்மா முனகிக்கொண்டே போவாள். அவள் முனகலில் உண்மை இல்லை என்று தெருவுக்குத் தெரியும். ஆனால் என்றைக்காவது ஒருநாள் அது உண்மையாகிவிட்டால், அடுத்த அடுக்கு இஸ்திரித் துணி வீடுகளுக்குப் போய்ச் சேரும்போது அந்தச் செய்தியும் கூடவே போய்ச் சேரும். அதற்கப்புறம் அம்மா அண்டாவோடு உட்கார்ந்து தெருவை வேடிக்கை பார்க்க வேண்டியதுதான்.

இதெல்லாம் தமிழ்நிலாவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்தாள். எண்ணிக்கைக்கு மட்டும்தானே? எண்ணி முடித்ததும் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டால் சாயங்காலம் டப்பா அதே கட்டையில் இருக்கும். கிரைண்டர் சத்தத்தில் அம்மாவிடம் சொல்லவும் முடியவில்லை. சொல்லும் தைரியமும் வரவில்லை. ஆஃப்ரீன் முகம்தான் கண்முன் நின்றது.

பள்ளிக்கூட வாசலிலேயே திருவிழா தொடங்கிவிட்டது. டப்பா இல்லை டப்பா இல்லை என்ற வீடுகளிலிருந்து சாக்குச் சாக்காக டப்பாக்கள் வந்து இறங்கின. ஆஃப்ரீன் ரம்ஜானுக்கு வாங்கிய பேரீச்சம்பழ ஜாடிகள் இரண்டை, கண்ணாடி மாதிரி பளபளப்பவை, கக்கத்தில் ஒன்றும் கையில் ஒன்றுமாகத் தூக்கி வந்திருந்தாள். மரத்தடியில் குவியல் வளர்ந்தது. வராண்டா கரும்பலகையில் மிஸ் கோடு போடப் போட இரண்டு பக்கமும் கூச்சல். தமிழ்நிலாவின் நீல டப்பாவுக்கும் ஒரு கோடு விழுந்தது. “பரவால்லியே,” என்று ஆஃப்ரீன் முதுகில் ஒன்று வைத்தாள்.

அப்போதுதான் ஆட்டோ ஒன்று உள்ளே வந்தது. அதிலிருந்து வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் இரும்பு மெஷின் ஒன்றும் இறங்கினார்கள். திங்கட்கிழமை வர வேண்டிய ஸ்ரீரங்கன் மாமா. அன்றைக்கு வேறு பள்ளிக்கூடத்தில் இருந்த நிகழ்ச்சி ரத்தாகிவிட்டதாம், ஆட்டோவில் ஏற்றின மெஷினை இறக்கி ஏற்றுவானேன் என்று நேராக இங்கே வந்துவிட்டாராம். மிஸ் ஒரு நிமிஷம் தயங்கினார். அதற்குள் பிள்ளைகள் மெஷினைச் சூழ்ந்துகொண்டார்கள். பக்கத்தில் கரும்பு ஜூஸ் மெஷின் மாதிரியே பெரிய சக்கரம். மேலே டப்பாவைப் போட்டு மூடிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால், மடமடவென்று உள்ளே ஏதோ உடைகிற சத்தம் கேட்டு, கீழே இருக்கும் தட்டில் வண்ண வண்ணமாகச் செதில்கள் கொட்டும். முதல் டப்பா அரைபட்டதும் எழுந்த ஆரவாரத்தில் பாலத்தின் மேல் போன ரயிலின் சத்தமே கேட்கவில்லை.

அப்புறம் யாரைப் பிடித்து நிறுத்துவது? சக்கரம் சுற்ற ஒரு வரிசை, டப்பா எடுத்துக் கொடுக்க ஒரு வரிசை. வச்சுக்கோ டீம் ஆட்களே கட்சி மாறி வந்து வரிசையில் நின்றார்கள். டப்பாவைத் திருப்பிப் பைக்குள் போட வேண்டும் என்பதே மறந்து தமிழ்நிலாவும் நின்றாள். அவளும் சக்கரத்தைச் சுற்றினாள். இரண்டு கையாலும் பிடித்து முழு பலத்தோடு சுற்றினாள். சுற்றி முடித்து அடுத்தவளிடம் கொடுத்துவிட்டுத் தட்டைப் பார்த்தாள். சிவப்பு, பச்சை, வெள்ளைச் செதில்களின் மேல் நீலம் ஒரு கொத்து.

மரத்தடிக்கு ஓடினாள். குவியலில் நீல டப்பா இல்லை. தானே நின்று, தானே சுற்றி, அம்மாவின் அளவை அரைத்துவிட்டாள்.

அவளுக்கு அழுகை வருவதற்குள் வாசலில் பெரிய சத்தம் வந்தது. பிள்ளைகளின் அம்மாக்கள். பிள்ளைகள் அத்தனை பேரும் காலி டப்பாவை எங்கிருந்து கொண்டுவந்தார்கள் என்பது அப்போதுதான் வெளியானது. உள்ளே இருந்ததை எல்லாம் கொட்டிவிட்டுக் கொண்டுவந்திருந்தார்கள். ஒரு வீட்டில் சர்க்கரையும் உப்பும் ஒரே தட்டில் பக்கம் பக்கமாக இருந்ததாம். செந்தில்குமார் மிளகாய்த் தூளைச் செய்தித்தாளில் கொட்டிக் கட்டில்மேல் வைத்துவிட்டு வர, அவன் மாமா ராத்திரி வேலைக்குப் போய்வந்த களைப்பில் ஃபேனைப் போட, அந்த லைன் வீடுகள் அத்தனையும் இன்னும் தும்மிக்கொண்டிருந்தன. அவன் அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே அவன் காதைத் தேடி வந்தாள். மிஸ் ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்க, அவர்கள் அரைபடாமல் மிஞ்சிய டப்பாக்களை ஆளுக்கொன்றாகப் பொறுக்கிக்கொண்டு, திட்டிக்கொண்டும் சிரித்துக்கொண்டும், போகிற போக்கில் மெஷினைத் தாங்களும் ஒருதரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

கடைசியாக வந்தவள் பாஞ்சாலி. கையில் மாவு காய்ந்திருந்தது. அவள் சத்தம் போடவில்லை. குவியலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

“என் டப்பா எங்கடி?”

தமிழ்நிலா தட்டைக் காட்டினாள். அம்மா குனிந்து நீலச் செதில்களைக் கையில் அள்ளினாள், விரல் இடுக்கில் அவை நழுவி மற்ற வண்ணங்களோடு விழுந்தன. எது ஊறுகாய் டப்பா, எது ஷாம்பு பாட்டில் என்று இனிமேல் யாராலும் சொல்ல முடியாது.

ஸ்ரீரங்கன் மாமா பதறிப்போனார். “ஐயோ, எனக்குத் தெரியாம போயிடுத்தும்மா. எங்காத்துல இந்த மாதிரி பத்து டப்பா கிடக்கு. ஒடனே கொண்டுவந்து தரேன்.”

“டப்பா என் வூட்லயும் கீது சார்,” என்றாள் அம்மா. “சாயந்தரம் எதுல அளந்து ஊத்துவேன், அத்தச் சொல்லுங்க.”

மிஸ் ஓடிப்போய் அறிவியல் அறையிலிருந்து கோடு போட்ட குவளையைக் கொண்டுவந்தார். அம்மா அதை மேலும் கீழும் பார்த்தாள். பழைய டப்பா இதில் எந்தக் கோட்டுக்கு வரும் என்று அவளுக்கும் தெரியாது. கூட ஊற்றினால் தனக்குக் கட்டாது. குறைத்து ஊற்றினால் டப்பாவை மாற்றி ஏமாற்றுகிறாள் என்று பேர் வரும். கண் திட்டமாக ஊற்றலாம்தான், ஆனால் சுப்பம்மா தூக்கைச் சாய்த்துப் பார்ப்பாளே, அவளுக்கு என்ன சொல்வது என்று அம்மா பாதி தனக்குள்ளேயே பேசினாள்.

சுப்பம்மா என்ற பெயர் காதில் விழுந்ததும் தமிழ்நிலாவுக்கு ஏதோ தட்டியது. தினமும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அண்டாவின் மூடியைப் பிடித்துக்கொள்கிறவள் அவள். தலையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பதால் வருகிறவர்களின் முகத்தைவிடப் பாத்திரங்கள்தான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

“ஆணி,” என்றாள்.

யாருக்கும் புரியவில்லை. ஆஃப்ரீன் வழக்கப்படி அவள் வாயருகே காதைக் கொண்டுபோனாள். தமிழ்நிலா அவளை விலக்கிவிட்டு, மரத்தடி முழுக்கக் கேட்கிற மாதிரிச் சொன்னாள்:

“சுப்பம்மா தூக்குல உள்பக்கம் ஆணி கீது. கைப்புடி மாட்டுற காது வச்சு அடிச்ச ஆணி. ரெண்டு டப்பா ஊத்துனா அந்த ஆணியைத் தொடும். என்னிக்கும் தொடும்.”

மிஸ் கையைத் தட்டிவிட்டார். “டப்பா போனா என்ன? அது ஊத்துன அளவு அந்தத் தூக்குல இருக்கே!”

ஆஃப்ரீனும் செந்தில்குமாரும் சிட்டாகப் பறந்தார்கள். டீம் சண்டையெல்லாம் மறந்துபோயிற்று. சுப்பம்மா லேசில் கொடுக்கவில்லையாம். எதுக்கு, யார் கேட்டா, தூக்கு நசுங்கினா யார் பதில் சொல்றது என்று இஸ்திரிப் பெட்டியைக் கீழே வைக்காமலேயே விசாரித்தாளாம். அளவு பற்றிப் பாடம் நடக்கிறது, மிஸ் கேட்டார் என்று ஆஃப்ரீன் சொன்னாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. சாயங்காலத்துக்குள் கீறல் இல்லாமல் வர வேண்டும் என்ற எச்சரிக்கையோடு தூக்கு வந்து சேர்ந்தது. டப்பா மாறிய விஷயத்தைத் தானே சுப்பம்மாவிடம் சொல்வதாக அம்மா முன்பே சொல்லியிருந்தாள்.

தூக்கில் ஆணி வரைக்கும் தண்ணீர் ஊற்றினார்கள். அது இரண்டு டப்பா. ஒரு டப்பாவுக்கு அதில் பாதி. பாதியை எப்படிப் பிரிப்பது? குவளையில் ஊற்றிக் கணக்குப் போடலாம் என்றார் மிஸ். அதில் கோடுகள் இடம்விட்டு இடம்விட்டு இருந்தன. தண்ணீர் சரியாக இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்று எல்லோரையும் சோதித்தது. அந்த நேரத்தில் தமிழ்நிலாவின் பார்வை வராண்டா ஓரத்துக்குப் போனது. அங்கே இருந்த ஆஃப்ரீனின் பேரீச்சம்பழ ஜாடிகள் இரண்டும் இன்னும் அரைபடவில்லை. தலைவி என்பதால் தன் டப்பாவைக் கடைசியாக, எல்லோரும் பார்க்கும்போது அரைக்கலாம் என்று வைத்திருந்தாள்.

இரண்டும் ஒரே அச்சு. இரண்டிலும் தண்ணீர் வெளியே தெரியும்.

“என்னுதா?” என்றாள் ஆஃப்ரீன். “அரைச்சுடு டீமுக்கு ரெண்டு பாயிண்ட் போயிடும்டி.” சொல்லிக்கொண்டே கொடுத்துவிட்டாள்.

மிஸ்ஸின் மேஜையை வெளியே தூக்கிவந்து ஜாடிகளை ஒட்டி ஒட்டி வைத்தார்கள். தூக்குத் தண்ணீரை இரண்டிலும் பங்கிட்டு ஊற்றினார்கள். இதில் கூட, அதில் குறைச்சல். ஒரு டம்ளரால் இங்கிருந்து அங்கே. இப்போது அதில் கூட. கால் டம்ளர் இந்தப் பக்கம். வகுப்பு மொத்தமும் முட்டிபோட்டுக் கண்ணை மேஜை மட்டத்துக்குக் கொண்டுவந்து “இன்னும்… இன்னும்… போதும்!” என்று கத்தியது. மேஜைக்கால் ஒன்று ஆடியது, அதற்குக் கீழே ஸ்ரீரங்கன் மாமா சட்டைப்பையில் கிடந்த பழைய பஸ் டிக்கெட்டை மடித்து வைத்தார். கடைசியில் ஒரு சொட்டு, விரல் நுனியிலிருந்து. இரண்டு ஜாடியிலும் தண்ணீர் ஒரே கோடாக நின்றது. மிஸ் மார்க்கரால் இரண்டிலும் கோடு போட்டார்.

வெட்டுவது என் வேலை என்று செந்தில்குமார் கத்திரிக்கோலைப் பிடுங்கிக்கொண்டான். வச்சுக்கோ டீம் தலைவன் அவன்தானே. ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. பாதி சுற்று வந்ததும் ஜாடியின் வளைவில் கத்திரிக்கோல் வழுக்கியது. கோட்டைத் தாண்டிக் கீழே ஒரு நாக்கு மாதிரி வெட்டு விழுந்துவிட்டது. செந்தில்குமார் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பரம சாதுவாக ஆஃப்ரீனிடம் நீட்டினான். “இந்தா, உன் டீமுக்கு ஒரு பாயிண்ட்.”

மிச்சம் ஒன்றே ஒன்று. கத்திரிக்கோல் மேஜையில் கிடந்தது, யாரும் தொடவில்லை. அம்மா அதை எடுத்து மகளின் கையில் வைத்தாள். “கோட்டுக்கு மேலயே வெட்டு. கூட இருந்தா கொறைச்சுக்கலாம்.”

தமிழ்நிலா கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வெட்டினாள். கத்திரிக்கோலைத் திருப்பாமல் ஜாடியைத் திருப்பித் திருப்பி வெட்டினாள். வளையமாகக் கழன்று வந்தது. பிறகு வராண்டாவின் சிமெண்ட் படியில் ஜாடியைக் கவிழ்த்து வைத்துத் தேய்க்கத் தொடங்கினாள். தெருவில் பிள்ளைகள் புளியங்கொட்டையைத் தேய்க்கும் அதே படிதான். தேய்க்கத் தேய்க்க விளிம்பின் கூர் மழுங்கியது, உயரமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. நடுநடுவே விளிம்பு வரைக்கும் தண்ணீர் மொண்டு இரண்டு தடவை தூக்கில் ஊற்றிப் பார்த்தார்கள். ஆணி முங்கியது. தேய். இன்னும் முங்கியது. தேய். ஆணியின் பாதி தெரிந்தது. இப்போது ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். அவள் யாரையும் கேட்கவில்லை. மூன்று இழுப்பு இழுத்தாள், ஊதினாள், கழுவினாள், மொண்டாள்.

இரண்டாவது ஜாடித் தண்ணீர் தூக்கில் ஏறி, ஆணித்தலையின் அடியைத் தொட்டு, அங்கேயே நின்றது.

அப்போது எழுந்த சத்தத்தில் தலைமையாசிரியர் வெளியே வந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஆஃப்ரீன் தமிழ்நிலாவைக் கட்டிக்கொண்டு குதித்தாள். இந்த ஜாடி எந்த டீம் கணக்கில் சேரும் என்று உடனே சண்டை தொடங்கியது. கொண்டுவந்தது அரைச்சுடு டீம், ஆகவே எங்களுக்கு என்றார்கள் அவர்கள். வெட்டி வைத்துக்கொண்டோமே, எங்களுக்குத்தான் என்றார்கள் இவர்கள். மிஸ் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துவிட்டு, நடுக்கோட்டின் மேலேயே ஒரு கோடு போட்டார். இரண்டு பக்கமும் அதற்கும் சண்டை போட்டன. அம்மா ஜாடியை முந்தானையில் துடைத்துக்கொண்டு, மாவு பொங்கிவிடும் என்று வேகமாகக் கிளம்பினாள். திட்டவில்லை. வாசல் தாண்டும்போது ஒருதரம் திரும்பி, சீக்கிரம் வந்து மூடியைப் பிடி என்று மட்டும் சொன்னாள்.

சாயங்காலம் பாஞ்சாலி அண்டாவோடு உட்கார்ந்தபோது எதிர்வீட்டுப் படியெல்லாம் ஏழாம் வகுப்பு. மாவு வாங்க வந்ததாகச் சிலர் கிண்ணம் கொண்டுவந்திருந்தார்கள். சிலர் அந்தச் சாக்கும் இல்லாமல் வந்திருந்தார்கள். புது ஜாடியில் பாதி கிழிந்த பேரீச்சம்பழ லேபிள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. முதலில் வந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். அம்மா விஷயத்தைச் சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள், ஆனால் வாங்கிய பிறகும் வீட்டுக்குப் போகாமல் ஓரமாக நின்றார்கள். யாருக்காகக் காத்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

சுப்பம்மா வந்தாள். தூக்கை முதலில் சுற்றிச் சுற்றிக் கீறல் பார்த்தாள். அப்புறம் ஜாடியைப் பார்த்தாள்.

“இன்னாடி இது?”

“பழசு மெஷின்ல மாட்டிக்கினு போயிடுச்சு,” என்றாள் அம்மா. “இதான் இனிமே ஒரு டப்பா. அதே அளவுதான். இந்தா, நீயே மொண்டுக்கோ.”

தமிழ்நிலா அண்டாவின் மூடியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு அவளால் தலையைக் குனிய முடியவில்லை. சுப்பம்மாவின் முகத்தையே பார்த்தாள்.

சுப்பம்மா ஜாடியை வாங்கினாள். அடியைத் தட்டிப் பார்த்தாள். விளிம்பை விரலால் தடவினாள். நிறைய மொண்டு, மேலே வழிந்ததை விரலால் வழித்து அண்டாவிலேயே விட்டு, ஒரு டப்பா ஊற்றினாள். இரண்டாவது டப்பாவை ஊற்றும்போது எதிர்ப்படியில் யாரோ விக்கினார்கள். உடனே வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாவு சமமாகட்டும் என்று தூக்கைப் படியில் இரண்டு தட்டுத் தட்டினாள். தெருவிளக்கின் பக்கமாகச் சாய்க்காமல் நேராகத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

வெள்ளை மாவு ஆணித்தலையின் அடியில் வந்து நின்றிருந்தது.

அவள் வாய் திறந்தது. தெரு காத்திருந்தது. பிறகு வாயை மூடிக்கொண்டு, தூக்கின் மூடியையும் அழுத்தி மூடினாள். ஜாடியை அம்மாவிடம் நீட்டினாள். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, எதிர்ப்படியில் இருந்த பிள்ளைகளுக்கு நடுவே வழி விலக்கி, யாரையும் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல் இஸ்திரி வண்டிப் பக்கமாகப் போய்விட்டாள்.